போதுமென்ற மனம்: காயிதே மில்லத் வாழ்வு தரும் பாடம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

அன்பிற்குரிய சகோதரர்களே! தவளக்குப்பத்தில் நம் தெருக்களையே பாருங்கள். ஒரு வீட்டுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. இன்னொரு வீட்டுப் பிள்ளை துபாயில் சம்பாதிக்கிறார். எதிர்வீட்டில் மாடி எழும்புகிறது. நேற்றுவரை உங்களுக்குப் போதுமாக இருந்த வீடு இன்று சிறியதாகத் தெரிகிறது. மகளின் நிக்காஹ் அவர்கள் நடத்தியதைவிடக் குறைந்துவிடக் கூடாது என்று வட்டிக்குக் கடன் வாங்கவும் துணிகிறோம். அல்லாஹ் தந்த பரக்கத்தை இப்படித்தான் நாமே இழக்கிறோம்.

காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்களின் வாழ்வைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலி பேட்டையில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயாரின் வளர்ப்பில் ஆளானார்கள். 1920இல் ஒத்துழையாமை இயக்கம் அழைத்தபோது பி.ஏ. தேர்வு எழுதாமல் கல்லூரியை விட்டு வெளியேறினார்கள். உடன் படித்தவர்கள் பட்டமும் உத்தியோகமும் பெற்றார்கள். இவர்களோ தோல் வியாபாரத்தில் இறங்கி ஹலாலாக உழைத்தார்கள்.

நாடு பிரிந்த பிறகு முஸ்லிம் லீக்கில் பலர் ஒதுங்கினார்கள், சிலர் வேறு கட்சிக்குப் போனார்கள். 1948இல் அந்தப் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றார்கள். போனவர்களுக்குக் கிடைத்த பதவியோடு தம் நிலையை அவர்கள் எடைபோடவில்லை. 1962, 1967, 1971 என மூன்று முறை மஞ்சேரி மக்கள் அவர்களை மக்களவைக்கு அனுப்பினார்கள். அப்படியும் குரோம்பேட்டையில் எளிய வாழ்க்கையே வாழ்ந்தார்கள்.

போதுமென்ற மனம் என்றால் வாய்மூடி இருப்பது என்று எண்ணிவிடாதீர்கள். 1949இல் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது எழுந்து நின்று தமிழுக்காக வாதாடியவர் அவர்தான். சமுதாயத்தின் உரிமைக்காக அழுத்தமாகக் கேட்டார்கள். தமக்கென்று வரும்போது கிடைத்ததே போதும் என்றிருந்தார்கள். நாமோ தலைகீழாக நடக்கிறோம்: ஊர் பிரச்சினைக்கு வாய் திறப்பதில்லை, பக்கத்து வீட்டுக் காரைப் பார்த்து இரவெல்லாம் புழுங்குகிறோம்.

1972 ஏப்ரல் 5 அன்று வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமானார்கள். இன்று அவர்களுடைய சொத்துக் கணக்கை யாரும் கேட்பதில்லை. அவர்கள் செய்த சேவையைத்தான் பேசுகிறோம்.

உலக விஷயத்தில் நமக்கு மேலே இருப்பவரைப் பார்க்காமல் கீழே இருப்பவரைப் பார்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும்போது உங்கள் வீட்டை அந்தக் கண்ணால் பாருங்கள். பிள்ளைகளின் ஆரோக்கியம், அடுப்பில் ஹலாலான சோறு, கடனில்லாத தூக்கம், இவற்றை எண்ணி அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். நிக்காஹ்வை உங்கள் சக்திக்குள் நடத்துங்கள். அண்டை வீட்டாருக்கு அல்லாஹ் கொடுத்ததில் பரக்கத் கேட்டு துஆ செய்யுங்கள்.

யா அல்லாஹ்! நீ தந்ததைப் பொருந்திக்கொள்ளும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! பொறாமையிலிருந்தும் வட்டியிலிருந்தும் எங்கள் வீடுகளைக் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.