ஓடும் பஸ்ஸில் வீடியோ நிற்காமல் ஓட உதவும் கணக்கு: 1922-லேயே மறைந்த மார்கோவ் யார்?

பஸ்ஸில் போய்க்கிட்டே வீடியோ பார்க்கிறீங்க. ஒரு டவரின் எல்லை முடிஞ்சு அடுத்த டவருக்கு போன் மாறுது. அந்த நேரத்தில்தான் வட்டம் சுத்த ஆரம்பிக்கும். நீங்க அடுத்து எந்த டவருக்குப் போவீங்கன்னு நெட்வொர்க்குக்கு முன்கூட்டியே தெரிஞ்சா? இந்தக் கேள்விக்கு இன்றைய ஆய்வாளர்கள் கையில் எடுக்கும் முக்கியமான கருவி, மொபைலையே பார்க்காத ஒரு ரஷ்யரின் கணக்கு. அவர் பெயர் ஆந்திரே மார்கோவ்.

ஊன்றுகோலுடன் தொடங்கிய வாழ்க்கை

1856-ல் ரஷ்யாவின் ரியாசான் நகரில் பிறந்தார் மார்கோவ். முழங்கால் பாதிப்பால் 10 வயசு வரை ஊன்றுகோல் வைத்துத்தான் நடந்தார். பள்ளியில் மற்ற பாடங்களில் சுமார்தான், கணக்கில் மட்டும் கெட்டி. பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற செபிஷேவிடம் படித்து, 1878-ல் தங்கப்பதக்கத்துடன் வெளியே வந்தார். பிறகு அங்கேயே பேராசிரியர் ஆனார்.

ஒரு சண்டையில் பிறந்த கணக்கு

மாஸ்கோ கணித அறிஞர் நெக்ரசோவ் ஒரு வாதம் வைத்தார். நாணயத்தைப் பல ஆயிரம் முறை சுண்டினால் தலை விழும் பங்கு பாதியை நெருங்கும். ஒவ்வொரு சுண்டலும் முந்தையதைச் சாராமல் இருந்தால்தான் இப்படி ஒரு நிலையான விகிதம் வரும் என்றார் அவர். திருமணம், குற்றம் போன்ற புள்ளிவிவரங்கள் வருஷா வருஷம் நிலையாக இருப்பதால், மனிதர்கள் சுதந்திரமாக முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம் என்றும் சொன்னார்.

மார்கோவுக்கு இது தப்பாகப் பட்டது. ஒன்றையொன்று சார்ந்த நிகழ்வுகளிலும் நிலையான விகிதம் வரும் என்று 1906-ல் நிரூபித்தார். அதற்காக அவர் உருவாக்கியதுதான் 'மார்கோவ் சங்கிலி'. அடுத்து என்ன நடக்கும் என்பதற்கான வாய்ப்பு, இப்போதைய நிலையை மட்டுமே பொறுத்தது. அதுக்கு முந்தைய கதை தேவையில்லை.

1913-ல் இதை நிஜ உதாரணத்தில் காட்டினார். புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' நூலிலிருந்து 20,000 எழுத்துகளைக் கையாலேயே எண்ணினார். மொத்தத்தில் உயிரெழுத்து சுமார் 43%. ஆனா ஓர் உயிரெழுத்துக்குப் பிறகு மறுபடி உயிர் வருவது சுமார் 13% தான். மெய்க்குப் பிறகு உயிர் வருவது சுமார் 66%. ஆக, அடுத்த எழுத்து இப்போதைய எழுத்தைச் சார்ந்திருக்கு!

இது மொபைலுக்கு எப்படி உதவுது?

எழுத்துக்குப் பதிலா டவரை வைத்துப் பாருங்க. ஓர் உதாரணம்: முதல் டவரில் இருந்து கிளம்பிய 100 போன்களில் 80 இரண்டாவது டவருக்கும், 20 மூன்றாவதுக்கும் போயிருக்கு. அப்போ நீங்களும் இரண்டாவதுக்குப் போகவே வாய்ப்பு அதிகம்.

வீடியோ சில விநாடி நீளமுள்ள துண்டுகளாகத்தான் போனுக்கு வருது. அடுத்த டவர் தெரிஞ்சா, அங்கே உங்களுக்கான இடத்தை ஒதுக்கி வைக்கலாம். வழியில் சுரங்கப்பாதை வருதுன்னா, சிக்னல் நல்லா இருக்கும்போதே கூடுதல் துண்டுகளை இறக்கி வைக்கலாம். கணிப்பு தப்பினால் ஒதுக்கிய இடமும் டேட்டாவும் வீண். அதனால் கணிப்பு எவ்வளவு சரி என்பது முக்கியம்.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி வளாகத்தில் 6,000-க்கும் அதிகமான வைஃபை பயனர்களின் தரவை வைத்து இதைச் சோதித்தார்கள். கடைசி இரண்டு இடங்களை மட்டும் பார்க்கும் எளிய மார்கோவ் முறை, சிக்கலான முறைகளுக்குச் சளைக்கவில்லை.

யாருக்கும் வளையாதவர்

1902-ல் எழுத்தாளர் கார்க்கியை அகாடமியில் சேர்த்தது ரத்தானபோது மார்கோவ் எதிர்ப்புக் காட்டினார். டால்ஸ்டாயை விலக்கிய திருச்சபையிடம், 1912-ல் தன்னையும் விலக்கச் சொல்லி எழுதினார். மாணவர்களைக் கண்காணிக்கும் அரசு வேலையை 1908-ல் ஏற்க மறுத்தார். 1917-ல் ஸராய்ஸ்க் என்ற சிறு ஊருக்குப் போய், பள்ளியில் சம்பளமே வாங்காமல் கணக்கு சொல்லிக்கொடுத்தார். 1922 ஜூலை 20 அன்று, 66 வயதில் பெட்ரோகிராடில் காலமானார்.

நாம் கவனிக்க வேண்டியது

ஒரு டவரில் இருந்து எத்தனை போன் எங்கே போச்சு என்ற மொத்த எண்ணிக்கைக்கு யாருடைய பெயரும் தேவையில்லை. ஆனா உங்க ஒருவரின் பாதையை மட்டும் துல்லியமா கணிக்க, நீங்க தினமும் எங்கே போறீங்க என்ற பதிவு வேணும். வீடியோ நிற்காமல் ஓடுவதற்காக அந்தப் பதிவை யார் வைத்திருக்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? மாணவர்களை வேவு பார்க்க மறுத்தவரின் கணக்கைப் பயன்படுத்தும்போது, இந்தக் கேள்வியையும் நாம் கேட்டுத்தான் ஆகணும்.