பதின்மூன்று வாக்குகள்

ஆறு வயது நிரம்பிய குழந்தை பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பதை இன்று நம் ஊர்களில் எவரும் மறுத்துப் பேசுவதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், இந்தக் கருத்து இந்தியாவின் பேரரசுச் சட்டமன்றத்தில் இரண்டு நாள்கள் விவாதிக்கப்பட்டு, வாக்கெடுப்பில் தோற்கடிக்கப்பட்டது. அதனை முன்மொழிந்து தோற்றவர் கோபால கிருஷ்ண கோகலே. காந்தியடிகளின் அரசியல் குரு என்ற அளவில் மாணவர்கள் அவரை அறிந்திருப்பர். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கரும்பலகைக்கு முன் நின்று பாடம் சொன்ன ஆசிரியர் அவர் என்பது பலருக்கும் தெரியாது.

கோகலே 1866ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் மராட்டிய நாட்டின் கொங்கணப் பகுதியில், ரத்னகிரி மாவட்டத்துக் கோத்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணராவ் காகல் என்னும் ஊரில் எளிய பணியில் இருந்தவர். கோகலேவுக்குப் பதின்மூன்று வயதானபோது தந்தை மறைந்தார். தமையனார் கோவிந்தராவ் தம் படிப்பைக் கைவிட்டு, மாதம் பதினைந்து ரூபாய் ஊதியத்திற்கு வேலையில் அமர்ந்தார். அதில் எட்டு ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பினார். மீதமிருந்த ஏழு ரூபாயில் ஒரு குடும்பம் நடந்தது. தம்பியோ கோலாப்பூரில் தாமே சமைத்து உண்டு, ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவிட்டுப் படித்தார். ஒருவன் படிப்பதற்கு இன்னொருவன் படிப்பை விட வேண்டியிருக்கிறது என்னும் உண்மையை அவர் ஏட்டில் கற்கவில்லை.

அவருடைய பள்ளிப் பருவம் பற்றி ஒரு செய்தி சொல்வதுண்டு. வீட்டுக் கணக்குகள் அனைத்தையும் சரியாகச் செய்து வந்தமைக்காக ஆசிரியர் அவரை வகுப்பின் முதலிடத்தில் அமரச் செய்தார். சிறுவன் கோபாலனோ தேம்பி அழத் தொடங்கினான். ஒரு கணக்கைப் பிறர் உதவியால் செய்ததாகவும், அந்த இடம் தனக்குரியதன்று என்றும் அவன் ஒப்புக்கொண்டானாம். பிற்காலத்தில் சட்டமன்றத்தில் அவர் எடுத்துரைத்த புள்ளிவிவரங்களை எதிர்த்தரப்பினரும் ஐயுறாமல் ஏற்றதை நினைக்கும்போது, இச்செய்தியை நம்பத் தோன்றுகிறது.

1884இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது பதினெட்டு. பட்டதாரிகள் அரிதாக இருந்த அக்காலத்தில் அரசுப் பணியும் வழக்கறிஞர் தொழிலும் அவருக்குக் கைகூடியிருக்கும். அவர் பூனாவிற்குச் சென்று தக்காணக் கல்விக் கழகத்தில் சேர்ந்தார். திலகர், அகர்கர் முதலிய இளைஞர்கள் நடத்திய அமைப்பு அது. இந்தியர்களே தம் உழைப்பால் பள்ளியும் கல்லூரியும் நடத்திக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆயுள் உறுப்பினராகச் சேர்பவர் இருபது ஆண்டுகள் அங்கேயே பணியாற்ற உறுதி பூண வேண்டும். மாத ஊதியம் எழுபத்தைந்து ரூபாய். அவ்வமைப்பு 1885இல் தொடங்கிய பெர்குசன் கல்லூரியில் கோகலே ஆங்கிலம் கற்பித்தார், கணக்குக் கற்பித்தார், வரலாறும் பொருளியலும் கற்பித்தார். எந்தப் பாடத்திற்கு ஆள் இல்லையோ அந்தப் பாடத்திற்கு அவர் நின்றார். அவர் எழுதிய எண்கணித நூல் பள்ளிகளில் பாடநூலாக வழங்கியது. விடுமுறை நாள்களில் ஊர் ஊராகச் சென்று கல்லூரிக்கு நிதி திரட்டினார். நன்கொடை கேட்டு வாயிலில் காத்து நின்ற அனுபவம் அவருக்கு நிறைய உண்டு.

அக்காலத்துக் கல்விக் கொள்கையைச் சிறிது அறிந்துகொண்டால்தான் அவர் பிற்பாடு செய்ததன் அருமை விளங்கும். 1835இல் மெக்காலேயின் குறிப்பை ஏற்று, கல்விக்கென ஒதுக்கிய பணத்தை ஆங்கிலக் கல்விக்கே செலவிடுவதெனக் கம்பெனி அரசு முடிவு செய்தது. மேலே உள்ள சிலருக்குக் கல்வி கொடுத்தால் அது தானே கீழே வடிந்து மக்களைச் சேரும் என்று ஆட்சியாளர் நம்பினர், அல்லது நம்புவதாகச் சொன்னார்கள். 1854ஆம் ஆண்டு உட்ஸ் அறிக்கை மக்கள் கல்வியிலும் அரசுக்குப் பொறுப்புண்டு என்றது. 1882இல் அமைந்த ஹண்டர் குழு தொடக்கக் கல்வியை வலியுறுத்தி, அதன் சுமையை நகராட்சிகளிடமும் மாவட்ட வாரியங்களிடமும் ஒப்படைத்தது. அறிக்கைகள் வந்தன, பணம் வரவில்லை. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதுகூட எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஆறு பேர் அளவிலேயே இருந்தனர். முக்கால் நூற்றாண்டாகியும் எதுவும் கீழே வடியவில்லை.

1897இல் வெல்பி ஆணையத்தின் முன் சாட்சியளிக்க இலண்டன் சென்ற கோகலே, இந்தியாவின் வரிப்பணம் எங்கே போகிறது என்பதை எண்களால் விளக்கினார். 1902இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பேரரசுச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின் மீது அவர் ஆற்றிய உரைகள் புகழ்பெற்றவை. உப்பு வரியைக் குறைக்க வேண்டும், இராணுவச் செலவைச் சுருக்க வேண்டும், கல்விக்குக் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்பவற்றை அவர் சலிக்காமல் வலியுறுத்தினார். உப்பு வரி படிப்படியாகக் குறைந்தது. 1904இல் கர்சன் பிரபு பல்கலைக்கழகங்களை அரசின் பிடிக்குள் கொண்டுவரும் சட்டத்தை இயற்றியபோது அதனைக் கடுமையாக எதிர்த்தார். 1905இல் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அப்பதவியைத் துறந்து 1907இல் அச்சங்கத்தில் சேர்ந்தார்.

1910 மார்ச் 18ஆம் நாள் கோகலே சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தை முன்வைத்தார். தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கும் பணியைத் தொடங்க வேண்டும் என்பது அதன் பொருள். பிரிட்டிஷ் இந்தியாவில் பள்ளியில் பயில்வோர் மொத்த மக்கள்தொகையில் 1.9 விழுக்காடு மட்டுமே என்று அவர் எடுத்துக்காட்டினார். இந்தியாவில் கட்டாயக் கல்வி நடவாது என்போருக்குப் பரோடா சமஸ்தானத்தைச் சுட்டினார். அங்கே மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், 1893இல் அம்ரேலிப் பகுதியில் சோதித்துப் பார்த்து, 1906இல் நாடு முழுவதும் கட்டாயக் கல்வியை நடைமுறைப்படுத்தியிருந்தார். அரசு ஆராய்வதாக உறுதி கூறவே கோகலே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார். அவ்வாண்டு இறுதியில் கல்விக்கெனத் தனித் துறை தோன்றியது. அதற்குமேல் அரசு அசையவில்லை. எனவே 1911 மார்ச் 16ஆம் நாள் தாமே ஒரு சட்ட மசோதாவைக் கொண்டுவந்தார்.

அம்மசோதா மிகவும் அடக்கமானது. இங்கிலாந்து தன் குழந்தைகளுக்கு 1870ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் இயற்றிய சட்டங்களை ஒட்டியே அதை அவர் வரைந்திருந்தார். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்களுக்கு மட்டும் கட்டாயம். சிறுமியருக்குப் பின்னர் விரிவுபடுத்தலாம். எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் வருவதன்று; குறிப்பிட்ட விகிதத்தில் குழந்தைகள் முன்பே பள்ளி செல்லும் பகுதியில், உள்ளாட்சி அமைப்பு விரும்பி, மாகாண அரசும் இசைந்தால் மட்டுமே வரும். ஒரு மைல் தொலைவிற்குள் பள்ளி இல்லையெனில் கட்டாயம் இல்லை. மாத வருமானம் பத்து ரூபாய்க்குக் குறைந்த பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டா. உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்கலாம். செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசு ஏற்க வேண்டும் என்று கோகலே கேட்டார். சிறுமியரைத் தள்ளி வைத்தது இன்று நமக்கு நெருடுகிறது. எதிர்ப்பைக் குறைத்து எப்படியேனும் ஒரு தொடக்கத்தைப் பெற்றுவிட வேண்டும் என்ற கணக்கில் அவர் விட்டுக்கொடுத்தவற்றுள் அதுவும் ஒன்று.

விட்டுக்கொடுத்தும் பயனில்லை. மசோதா ஓராண்டுக் காலம் கருத்தறியச் சுற்றில் விடப்பட்டது. மக்கள் கட்டாயத்தை விரும்பவில்லை, காலம் கனியவில்லை, பணம் இல்லை என மாகாண அரசுகள் எழுதின. நம்மவரிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது என்பதை மறைக்கலாகாது. நிலவுடைமையாளர் சிலர் கூலிக்கு ஆள் கிடைக்காமற் போகும் என்று அஞ்சினர். உழைக்கும் மக்களின் பிள்ளைகள் எழுத்தறிந்தால் தம் நிலை என்னாகும் என்ற கவலை வெள்ளையருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

1912 மார்ச் 18, 19 ஆகிய நாள்களில் கல்கத்தாவில் விவாதம் நடந்தது. மசோதாவைத் தேர்வுக் குழுவின் ஆய்வுக்கு அனுப்புங்கள் என்பதே கோகலேயின் வேண்டுகோள். சுங்க வரியைச் சற்றே உயர்த்தினால் வேண்டிய பணம் கிடைக்கும் என்று காட்டினார். மாளவியா, பூபேந்திரநாத் பாசு, ஜின்னா முதலியோர் துணைநின்றனர். அரசு அலுவலர்களே மிகுந்திருந்த அந்த அவையில் முடிவு என்னவாகும் என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார். அதை அவையிலேயே சொல்லவும் செய்தார். தம் தலைமுறையினர் தோல்விகளாலேயே நாட்டிற்குத் தொண்டு செய்ய இயலும் என்பதும், இம்மசோதா மீண்டும் மீண்டும் வரும் என்பதும் அன்றைய அவருடைய உரையின் சாரம். ஆதரவாக 13 வாக்குகளும் எதிராக 38 வாக்குகளும் விழுந்தன.

அப்போதே அவரை நீரிழிவு நோய் வாட்டிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு இறுதியில் தென்னாப்பிரிக்கா சென்று, காந்தியடிகளுடன் அங்குள்ள இந்தியரின் துன்பங்களை நேரில் கண்டார். 1913 பிப்ரவரியில் அரசு வெளியிட்ட கல்விக் கொள்கை அறிக்கை, தொடக்கக் கல்வியைப் பெருக்குவதாகக் கூறியபோதிலும் கட்டாயத்தை ஏற்க மறுத்தது. 1915 பிப்ரவரி 19ஆம் நாள் பூனாவில் கோகலே காலமானார். அவருக்கு நாற்பத்தெட்டு வயதே நிரம்பியிருந்தது. இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையைச் சீனிவாச சாஸ்திரியார் ஏற்றார்.

அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1918இல், விட்டல்பாய் பட்டேலின் முயற்சியால் பம்பாய் மாகாணத்தில் நகராட்சிகளுக்கான கட்டாயக் கல்விச் சட்டம் நிறைவேறியது. பிற மாகாணங்கள் பின்தொடர்ந்தன. 1920இல் சென்னை மாகாணமும் தொடக்கக் கல்விச் சட்டத்தை இயற்றியது. உள்ளாட்சி அமைப்பு விரும்பினால், அரசு இசைந்தால், கல்வி வரி விதித்து என, எட்டாண்டுகளுக்கு முன் தோற்கடிக்கப்பட்ட அந்த மசோதாவின் விதிகளை அதில் காணலாம்.