கல் மூங்கிலும் ஹைரம் லெனார்டும்

மலர்க் குழுவினர் போன மாதம் போன் செய்து, மறைந்த பெரிய மனிதர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். நான் தொரப்பள்ளிக்காரன். ஆகவே ராஜாஜியைத்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அவர் பிறந்த வீடு எங்கள் ஊரில் நினைவு இல்லமாக இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதற்குத்தான் வழி கேட்பார்கள். ராஜாஜியைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் நம் சங்கத்திலேயே நிறையப் பேர் உண்டு. நான் எழுதப் போவது வேறொருவரைப் பற்றி. ராஜாஜி பிறந்த அதே 1878-ஆம் வருஷம், தூண்டில் கம்பின் இணைப்பில் வரும் ஒரு சின்ன உலோகப் பூணுக்குப் பேட்டண்ட் வாங்கிய அமெரிக்கர். பெயர் ஹைரம் லெனார்ட். நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் தூண்டில் கம்பு செய்கிறவர்கள் மத்தியில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். நமக்கும் அவருக்கும் ஒரு மூங்கில் சம்பந்தம் இருக்கிறது. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தூண்டிலைச் சொல்லிவிடுகிறேன். நாம் சின்ன வயதில் ஏரிக்கரையில் போட்ட தூண்டிலில், புழுவும் ஈயக்குண்டும் கனம். அந்தக் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழும். ஃப்ளை ஃபிஷிங் என்கிற வகையில் முள்ளில் கட்டியிருப்பது கொஞ்சம் இறகும் நூலும்தான். பார்க்க ஈ மாதிரி இருக்கும், கனமே கிடையாது. அதை இருபது முப்பது அடி தள்ளி எறிவது எப்படி? கயிற்றையே கனமாகச் செய்து, கம்பை முன்னும் பின்னும் வீசி, அந்தக் கயிற்றைக் காற்றில் விரித்து விட வேண்டும். ஆக இந்தக் கம்பு ஒரு ஸ்பிரிங். அடியில் பலம், நுனியில் நளினம், நடுவில் எங்கேயும் முறிவு தெரியாத ஒரு வளைவு. மெக்கானிக்கல் படித்தவர்களுக்குப் புரியும்: வளையும் விறைப்பு, குறுக்களவின் நாலாம் படியைப் பொறுத்தது. கம்பு ஐந்து சதவீதம் ஒல்லியானால் விறைப்பு ஏறக்குறைய பத்தொன்பது சதவீதம் போய்விடும். இதில்தான் இந்தத் தொழிலின் சங்கடமும் இருக்கிறது, சுகமும் இருக்கிறது.

லெனார்ட் 1831 ஜனவரியில் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தில் செபெக் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா படகுத் துடுப்பு செய்கிறவர். மரம் வளையும் விஷயம் வீட்டிலேயே இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இளைஞனாக இருந்தபோது பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரிக் கம்பெனியில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு மெய்னுக்கே திரும்பி, பேங்கர் நகரத்தில் துப்பாக்கி செய்வது, வேட்டையாடுவது, செத்த மிருகங்களைப் பாடம் செய்வது என்று பல வேலை. புல்லாங்குழலும் வாசிப்பார். எழுத்தாளர் தோரோ 1857-ல் மெய்ன் காடுகளுக்குப் போனபோது குதிரை வண்டியில் சந்தித்த வேட்டைக்காரர் இவர்தான் என்பார்கள். நாற்பது வயதுவரை தூண்டில் கம்பு செய்து ஜீவனம் நடத்தலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

1871-ல் தனக்கென்று மரத்தில் ஒரு கம்பு செய்துகொண்டார். நண்பர்கள் பார்த்துவிட்டு பாஸ்டன் நகரத்தில் விளையாட்டுச் சாமான் விற்ற பிராட்ஃபோர்ட் அண்ட் ஆன்டனி கடைக்குக் காட்டச் சொன்னார்கள். கடைக்காரர்கள் அவர் கையில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிய கம்பு ஒன்றைக் கொடுத்து, இதுபோலச் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். அதைக் கண்டுபிடித்தவர் லெனார்ட் அல்ல. பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரத்தில் சாமுவேல் ஃபிலிப் என்ற இன்னொரு துப்பாக்கித் தொழிலாளி 1840-களிலேயே செய்து பார்த்துவிட்டார். லெனார்ட் செய்தது, அதை ஒரு தொழிலாக, ஒரு அளவாக, ஒவ்வொரு கம்பும் முந்தைய கம்பு போலவே வரும் காரியமாக மாற்றியது.

அந்த மூங்கில் எங்கிருந்து போனது தெரியுமா? நம் நாட்டிலிருந்து. கல்கத்தா துறைமுகத்திலிருந்து கப்பலேறியதால் அதற்குக் கல்கத்தா கேன் என்றே பெயர். தாவர சாஸ்திரக்காரர்கள் அதை டென்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ் என்ற இனம் என்கிறார்கள். நம்ம பாஷையில் கல் மூங்கில். போலீஸ்காரர் கையில் லத்தியாக இருப்பது அதுதான். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் இன்றும் புதர் புதராக நிற்கிறது. எங்கள் ஊரில் ஒரே மூங்கிலைத் தமிழர் மூங்கில் என்பார், தெலுங்கர் வெதுரு என்பார், கன்னடக்காரர் பிதிரு என்பார். மூன்று பேரும் அதை ஏணிக்கும் பந்தலுக்கும்தான் வாங்குவார்கள். அதே இனம், கடல் தாண்டிப் போய் உலகத்தின் நேர்த்தியான தூண்டில் கம்பானது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

(வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ்.தாமஸ் என்ற துரை, இந்திய ஆறுகளில் மீன் பிடிப்பது பற்றி ஒரு கனமான புத்தகம் எழுதி 1873-ல் மங்களூரில் அச்சிட்டார். துரைமார் தூண்டிலோடு இங்கே வர, மூங்கில் அங்கே போய்க்கொண்டிருந்தது.)

செய்முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் லெனார்டின் பெருமை விளங்காது. மூங்கிலின் பலமெல்லாம் மேல் தோலுக்கு அடியில் இருக்கும் நாரில். உள்ளே போகப் போகச் சோறு. ஆகவே மூங்கிலைப் பத்தை பத்தையாகப் பிளந்து, கணுவை நெருப்பில் காட்டி நேராக்கி, ஒவ்வொரு பத்தையையும் அறுபது டிகிரி முக்கோணமாக இழைக்க வேண்டும். இழைப்புளி உள்பக்கங்களில் மட்டும் போக வேண்டும்; தோல் பக்கம் தொடக் கூடாது. அப்படி ஆறு பத்தையைச் சேர்த்து ஒட்டினால் அறுகோணக் கம்பு, ஆறு முகத்திலும் நார். கணுக்கள் ஒரே இடத்தில் வராதபடி தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். நுனியில் கம்பு 70 தௌ என்று வைத்துக்கொண்டால் ஒரு பத்தையின் உயரம் அதில் பாதி, 35 தௌ. மில்லிமீட்டரில் 0.89. அடியிலிருந்து அந்த அளவுக்குச் சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். பத்தையில் ஒரு தௌ தப்பினால் கம்பில் இரண்டு தௌ தப்பு.

இதைக் கையால் இழைத்துக்கொண்டிருந்த காலத்தில், லெனார்ட் 1870-களிலேயே ஒரு மெஷின் கட்டினார். பத்தையை உள்ளே விட்டால் இரண்டு வெட்டும் சக்கரங்கள் சரிவை வெட்டிக்கொண்டே, ஒரு டெம்ப்ளேட்டைப் பார்த்து அளவையும் குறைத்துக்கொண்டே போகும். நம் டூல் ரூம் ஆட்கள் இதைக் கேட்டால் காப்பியிங் அட்டாச்மெண்ட் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். அன்று அது தங்கச் சுரங்கம். பூணிலும் கை வைத்தார். 1875 பேட்டண்ட், இணைப்பு வழியாகத் தண்ணீர் மூங்கிலுக்குள் இறங்காமல் தடுப்பதற்கு. 1878 பேட்டண்ட், பூணின் விளிம்பைக் கீறிவிட்டு, வளையும்போது மூங்கில் அந்த இடத்தில் ஒடியாமல் இருப்பதற்கு. இரண்டாவதை நான் முதலில் பார்த்தபோது அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். விறைப்பான உலோகமும் வளையும் மூங்கிலும் சந்திக்கிற இடத்தில்தான் ஒடியும் என்று தெரிந்து, உலோகத்தையும் கொஞ்சம் வளைய விட்டிருக்கிறார் மனுஷன்!

வியாபாரத்தில் அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. பணத்துக்குக் கூட்டாளி தேட வேண்டி வந்தது. கடைசியில் நியூயார்க்கின் வில்லியம் மில்ஸ் அண்ட் சன் என்ற கடைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். 1881-ல் பட்டறை மெய்னிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் சென்ட்ரல் வேலி என்ற ஊருக்கு மாறியது. அந்த மெஷின் மட்டும் பூட்டிய அறையில். லெனார்டும் நம்பிக்கையான ஓரிருவரும் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது என்று ஏற்பாடு.

பூட்டு நிற்கவில்லை. அவரிடம் வேலை கற்ற ஃபிரெட் தாமஸ், யூஸ்டிஸ் எட்வர்ட்ஸ், லோமன் ஹாஸ் என்ற மூவரும் 1890-ஐ ஒட்டி வெளியே போய், தாங்களே மெஷின் கட்டிக்கொண்டார்கள். எட் பெய்ன் என்பவரும் அவர்களோடு சேர்ந்தார். பின்னாளில் தாமஸ், எட்வர்ட்ஸ், பெய்ன் என்ற ஒவ்வொரு பெயரும் தனித்தனியாகப் புகழ் பெற்றது. லெனார்டின் சொந்த மருமகனான ஹைரம் ஹாஸும் பிறகு தனிக்கடை போட்டார். அமெரிக்காவின் நல்ல மூங்கில் கம்புகளின் வம்சத்தைத் தேடிக்கொண்டு போனால், பெரும்பாலும் அந்தப் பூட்டிய அறையின் வாசலில்தான் போய் நிற்கும்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1980-களில் ஓசூரில் ஒரு டூல் ரூமில் ஃபோர்மேனாக இருந்தேன். கிரைண்டிங்கில் எனக்கென்று சில செட்டிங் உண்டு. அவற்றை ஒரு நோட்டில் எழுதி டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொள்ளாத குறை. ஒரு பையன், ஐடிஐ முடித்துவிட்டு வந்தவன், நல்ல கை. அந்த நோட்டை ஒரு நாள் பார்க்கத் தரும்படி கேட்டான். கேட்டது தப்பு என்பது போல நடந்துகொண்டேன். ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான். போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. எனக்கு அப்போது வருத்தமும் இல்லை, ஒரு போட்டி ஒழிந்தது என்றுதான் இருந்தது.

2009-ல் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் ஒடிந்த தூண்டில் கம்பு ஒன்று கிடைத்தது. பூணில் லெனார்ட் பெயர் பொறித்திருந்தது. எனக்கு அப்போது அது யாரென்றே தெரியாது. மைக்ரோமீட்டரை வைத்து ஐந்து அங்குலத்துக்கு ஒரு முறை அளந்தேன். மூன்று ஜோடி முகத்திலும் ஒரு தௌ வித்தியாசம் இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய மூங்கில்! அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

ஊருக்கு வந்து செய்ய ஆரம்பித்தேன். காட்டில் வெட்டக் கூடாது. மூங்கில் கடையில் கல் மூங்கில் பொறுக்கி வாங்கி, இரண்டு வருஷம் பரணில் காயப் போட்டேன். ஜி.ஐ. பைப்பில் ஹாட் ஏர் கன் வைத்து ஒரு சூளை. எல்லாம் சரி, இழைப்பதற்கு ஐந்தடி நீள ஸ்டீல் பட்டை இரண்டு வேண்டும். இரண்டும் சேரும் விளிம்பில் அறுபது டிகிரி வி-காடி, திருகு வைத்து ஆழத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அவ்வளவு நீளத்தை அவ்வளவு நேராக கிரைண்ட் செய்து தர ஓசூரில் விசாரித்தால், எல்லாரும் ஒரே பட்டறையைச் சொன்னார்கள். போனேன். முதலாளி அந்தப் பையன். பையன் என்ன, தலை நரைத்திருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சார் என்றுதான் கூப்பிட்டார். டிராயிங்கை விரித்துப் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்டார். தூண்டில் கம்புக்கு என்றதும் சிரித்தார். பத்து நாளில் செய்து கொடுத்தார். ஐந்தடிக்கு அரை தௌ கூட வளைவு இல்லை. காசு வாங்கவில்லை. எந்த செட்டிங்கில் கிரைண்ட் செய்தார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. நான் கேட்பதற்கு முன்னால் அவரே மெஷின் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இரண்டு பையன்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் அத்தனை செட்டிங்கும் பெயிண்டில் எழுதியிருந்தது.

முதல் கம்பு பசை விட்டு நடுவில் வாயைப் பிளந்தது. இரண்டாவது, கணுவைக் கருக்கிவிட்டேன். மூன்றாவதுதான் கம்பு. ஏழரை அடி, இரண்டு துண்டு, கார்க் பிடி, பட்டு நூல் சுற்றி ஐந்து கோட் வார்னிஷ். கையில் எடுத்து லேசாக ஆட்டினால், அந்த அசைவு நுனி வரைக்கும் போய்த் திரும்பி உள்ளங்கைக்கு வரும். அதை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீட்டில் மூலையில் சாத்தி வைக்க விடமாட்டேன், வளைந்துவிடும். துணிப்பையில் போட்டு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். மருமகள் வீணைக்குக்கூட இவ்வளவு மரியாதை இல்லை என்கிறாள்.

மீன்? அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் நீச்சல் பழகிய தென்பெண்ணையில், சில சமயம் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே நுரை பொங்கி, ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதில் தூண்டில் போட மனசு வரவில்லை. தெரிந்தவர் தோட்டத்துக் குட்டையில் கெண்டை பிடித்துத் திரும்ப விட்டுவிடுவேன். ஒருமுறை ஊட்டிப் பக்கம் போய், வெள்ளைக்காரன் காலத்தில் விட்ட டிரவுட் மீனுக்கு வீசிப் பார்த்தேன். விரல் நீளத்தில் ஒன்று.

லெனார்ட் 1907 ஜனவரியில் சென்ட்ரல் வேலியில் காலமானார். 76 வயது. பெயர் அவருடையது, கம்பெனி பெரும்பாலும் மில்ஸ் குடும்பத்துடையது. பட்டறையை அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரான ரூபன் லெனார்ட் நடத்தினார். அதற்குள் நம் கல்கத்தா மூங்கிலுக்கும் காலம் முடிந்துகொண்டு வந்தது. சீனாவின் குவாங்டாங் பகுதியிலிருந்து வந்த டோன்கின் மூங்கிலில் கணு சிறிது, நார் நெருக்கம், நேரும் அதிகம். ஒரு தலைமுறைக்குள் எல்லாரும் அதற்கு மாறினார்கள். 1950-ல் அமெரிக்கா சீனாவோடு வியாபாரத்தை நிறுத்தியபோது அதுவும் தட்டுப்பட்டது. கண்ணாடி நாரும், பிறகு கிராஃபைட்டும் சந்தையைப் பிடித்தன. லெனார்ட் கம்பெனி 1980-கள் வரை தாக்குப்பிடித்து மூடியது. கம்புகள் மட்டும் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. உண்மையைச் சொன்னால், டோன்கினில் செய்தால் என் கம்பு இன்னும் நன்றாக வந்திருக்கும். இருந்தாலும் கல் மூங்கிலை விட மனசில்லை.

சந்திப்பு நாளன்று கம்பைக் கொண்டுவருகிறேன். மெக்கானிக்கல் பிளாக் பின்னால் இருக்கும் விளையாட்டுத் திடலில், முள் இல்லாமல், புல்தரையில் வீசிக் காட்டலாம். ஸ்டீல் பட்டையையும் எடுத்து வருவேன். கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் யாராவது மாணவருக்கு வேண்டுமென்றால் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன். அளவுகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.