குரலுக்கு ஒரு பெயர்

கார்ட்டூன் படங்களுக்குக் குரல் தந்தோரின் பெயரைத் திரையில் காட்டும் வழக்கம் அமெரிக்காவில் ஒரு காலத்தில் இருந்ததில்லை. அதை மாற்றியவர் மெல் பிளாங்க். 1908இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, போர்ட்லண்ட் நகரில் வளர்ந்து, வானொலி வழியே திரைக்கு வந்தவர். வார்னர் பிரதர்ஸ் படங்களில் பக்ஸ் பன்னி என்ற முயலும், டாஃபி என்ற வாத்தும், போர்க்கி என்ற பன்றியும் அவர் குரலில்தான் பேசின.

அவர் ஊதிய உயர்வு கேட்டபோது தயாரிப்பாளர் லியோன் ஷ்லெசிங்கர் மறுத்தார். பணத்துக்குப் பதிலாகக் கிடைத்தது, திரையில் பெயர். அதனால் வானொலியில் அவருக்கு வாய்ப்புகள் பெருகின. ஆனால் அவ்வுரிமை பல்லாண்டுகள் அவர் ஒருவருக்கே இருந்தது. எல்மர் ஃபட் என்ற வேட்டைக்காரனுக்குக் குரல் தந்த ஆர்தர் பிரையன், அப்புகழின் நிழலிலேயே 1959இல் மறைந்தார். இது பிளாங்கின் குற்றமன்று, எனினும் மறக்கத்தக்கதுமன்று.

ஜாக் பென்னியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முகங்காட்டியும் நடித்தார். 1961 ஜனவரி 24 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நேர்ந்த கார் விபத்தில் மண்டையும் கால்களும் முறிந்தன. நினைவிழந்து பல நாட்கள் கிடந்தார். பெயர் சொல்லி அழைத்தும் பதிலில்லை. ஒரு நாள் மருத்துவர் பக்ஸ் பன்னியை அழைத்து நலம் விசாரித்தார். முயலின் குரலில் விடை வந்தது!

வீடு திரும்பியபின், மாவுக்கட்டோடு படுக்கையில் கிடந்தபடியே 'பிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரின் பார்னிக்குக் குரல் பதிவு செய்தார். 1988இல் வெளிவந்த திரைப்படமொன்றிலும் அம்முயலின் குரல் அவருடையதே. மறு ஆண்டு ஜூலை 10இல் காலமானார்.