சாண்டோ: பனியனுக்குப் பெயர் தந்தவர்

எங்கள் வீட்டில் தாத்தா அணியும் கையில்லாத பனியனுக்குச் சாண்டோ என்றுதான் பெயர். கொடியில் காயும் சாண்டோவை எடுத்து வரச் சொல்லிப் பாட்டி குரல் கொடுப்பார். அண்ணன் கண்ணாடி முன் நின்று கையை மடக்கிப் பார்த்தால், பெரிய சாண்டோ என்று அம்மா கிண்டல் செய்வார். இந்த இரண்டு சாண்டோவும் ஒரே மனிதரின் பெயர் என்பது பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகே எனக்குத் தெரிய வந்தது.

இந்த மலரில் வழக்கமாகப் புலவர்களையும் தலைவர்களையும் பற்றித்தான் எழுதுவோம். ஒரு பயில்வானுக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. பீடோங் வட்டாரத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து முடித்து, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன நான், இரண்டாம் படிவத்தில் குண்டு எறியத் தொடங்கினேன். பயிற்சிக்கூடத்திற்குப் போவதென்றால் சுங்கைப் பட்டாணிக்குத்தான் போக வேண்டும். பேருந்துக் கட்டணத்திற்கே வழியில்லை. அண்ணன் இரண்டு மைலோ டின்களில் சிமெண்டைக் குழைத்து ஊற்றி, நடுவே பழைய இரும்புக் குழாயைச் செருகி ஒரு டம்பெல் செய்து தந்தார். வீட்டு வாசலில் தினமும் மாலையில் அதைத் தூக்கினேன். மூன்றாம் படிவத்தில் என் குண்டு மாவட்டப் போட்டி வரை சென்றது. ஆனால் தோள் அகன்றது. ஒரு திருமண வீட்டில் உறவுக்காரப் பெண்கள் என் கையைப் பிடித்துப் பார்த்து, ஆம்பளைக் கை மாதிரி இருக்கிறதே, இனி யார் கட்டுவார் என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து இரவுச் சோற்றை நிறுத்தினேன். உடல் மெலிந்தது. குண்டும் முன்பைவிட அருகிலேயே விழத் தொடங்கியது. அந்த ஆண்டு மாவட்ட அணியில் எனக்கு இடமில்லை.

அந்தக் கை எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் இந்த மனிதரைச் சந்தித்தேன்.

இவருடைய இயற்பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், அன்றைய பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்நகரம் இன்று ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது. கட்டாய இராணுவ சேவைக்குத் தப்பி 1885இல் நாட்டை விட்டு வெளியேறி, சர்க்கஸ்களில் வித்தை காட்டிப் பிழைத்தார். யூஜின் சாண்டோ என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட மேடைப் பெயர்.

பிற்காலத்தில் தம் இளமையைப் பற்றி அவர் ஓர் அழகான கதையைச் சொன்னார். சிறுவயதில் தாம் நோஞ்சானாக இருந்ததாகவும், பத்து வயதில் தந்தையுடன் இத்தாலிக்குச் சென்றபோது பழங்காலச் சிலைகளைக் கண்டு, அதே உடலைப் பெற உறுதி பூண்டதாகவும் எழுதினார். ஆய்வாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. எனக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஒல்லியான பிள்ளைகளின் மனத்தில் நேராகப் போய் ஒட்டிக்கொள்ளும் கதை இது. இன்றும் சத்துமாவு விற்பவர்கள் ஒல்லிப் படத்தையும் கட்டுமஸ்தான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

உண்மையில் அவரை உருவாக்கியவர் பிரசல்ஸ் நகரில் அட்டிலா என்ற பெயரில் பயிற்சி அளித்து வந்த லுட்விக் டுர்லாக்கர். கனமான எடைகளை முறையாகத் தூக்கும் வித்தையை அவரிடம் கற்றார். 1889இல் இலண்டனின் ராயல் அக்வேரியம் அரங்கில் சாம்சன் என்ற புகழ்பெற்ற பலசாலியைத் தோற்கடித்தபோது சாண்டோவுக்கு வயது 22. என் வயதுதான்.

1893இல் அமெரிக்கா சென்றார். அங்கே புளோரன்ஸ் சீக்ஃபெல்ட் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் ஒன்றைக் கவனித்தார்: சாண்டோ எவ்வளவு எடை தூக்குகிறார் என்பதைவிட, தூக்கும்போது அவருடைய தசைகள் எப்படி அசைகின்றன என்பதைத்தான் மக்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். அதன்பின் மேடையில் எடை பின்னுக்குப் போனது, உடல் முன்னுக்கு வந்தது. ஒன்றையும் தூக்காமல் வெறுமனே நின்று தசைகளைக் காட்டுவதே ஒரு நிகழ்ச்சியாயிற்று. சலவைக்கல் சிலைபோல் தோன்ற உடம்பெங்கும் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். 1894இல் எடிசனின் கூடத்தில் அவரை வைத்துச் சலனப்படமும் எடுத்தார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சார்ஜென்ட் அவருடைய உடலைச் சோதித்து அளவெடுத்தார். (ஹார்வர்ட் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் பீடோங் ஹார்வர்ட் தோட்டம்தான்!)

அடுத்து அவர் செய்தது பெரிய காரியம். அதுவரை சர்க்கஸ் கூடாரத்தில் இருந்த பலத்தைச் சாதாரண வீட்டின் அறைக்குள் கொண்டு வந்தார். 1897இல் பலத்தைப் பெறும் வழியைச் சொல்லும் நூலை வெளியிட்டார். இலண்டனில் உடற்பயிற்சி நிலையம் தொடங்கினார். மறு ஆண்டே மாத இதழ் ஒன்றும் நடத்தலானார். அஞ்சல் வழியாகவே மாணவர்களைச் சேர்த்தார். எழுத்தர்கள், கடைச் சிப்பந்திகள், பள்ளிப் பிள்ளைகள் எனப் பலரும் அலுவலகத்திற்கோ பள்ளிக்கோ கிளம்பும்முன் படுக்கையறையில் நின்று சில நிமிடங்கள் இலேசான டம்பெல் தூக்கினார்கள். வயதுக்கேற்ற அட்டவணைகள் இருந்தன. பெண்களும் பயிற்சி செய்ய வேண்டும் என்று வற்புறுத்தி, அவர்களுக்கும் வகுப்புகள் நடத்தினார். நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட செய்தி இது. எங்கள் திருமண வீட்டை மட்டும் இன்னும் எட்டவில்லை.

வீட்டுப் பயிற்சிக்கென்று அவர் விற்ற கருவிகளில் ஒன்று, கதவில் மாட்டி இழுக்கும் ரப்பர் கயிறு. இன்று நாம் வாங்கும் ரப்பர் பட்டையின் மூத்த அண்ணன். அக்காலத்தில் உலக ரப்பரில் பெரும்பங்கு பிரேசில் காடுகளிலிருந்துதான் வந்தது. கெடாவில் நம் முன்னோர்கள் பால்மரம் வெட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சாண்டோவின் மீது வருத்தம். அட்டிலாவிடம் கனத்த எடைகளைத் தூக்கி, பல ஆண்டுகள் மேடையில் உழைத்துப் பெற்ற உடலைப் படமாகக் காட்டினார். விற்றதோ இலேசான டம்பெல். இலேசான டம்பெல் தவறில்லை; அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது நன்மையே செய்தது. ஆனால் அந்தப் படத்திலிருந்த உடல் அதனால் வராது. ஒளி, பொடி, இறுக்கிப் பிடித்த மூச்சு, தேர்ந்த படப்பிடிப்பாளர் எல்லாம் சேர்ந்தது அந்தப் படம். அது சுவரில் தொங்க, கீழே நின்ற பதினைந்து வயதுப் பையன் தன்னைக் குறையாகவே கண்டிருப்பான்.

அவருடைய முறையில் நல்லதும் இருந்தது. மாணவர்கள் தம் உடல் அளவுகளைக் குறித்து வைத்து, சில மாதங்களுக்குப் பின் மீண்டும் அளந்து பார்க்கும்படி செய்தார். போன மாதத்து நானும் இந்த மாதத்து நானும் என்ற கணக்கு அது. சிலையோடு ஒப்பிடுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய போட்டியை, உலகின் முதல் பெரிய உடற்கட்டுப் போட்டி என்பார்கள். அவருடன் நடுவராக அமர்ந்தவர்களில் ஒருவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில். தசையின் பருமனுக்கு மட்டும் பரிசில்லை. உடலின் சமநிலை, பொது ஆரோக்கியம், தோலின் நிலை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு என்று சாண்டோவே விதி வகுத்தார். நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் மரே வென்றார். சாண்டோவின் உருவச் சிலையே பரிசு. அதன் மாதிரியைத்தான் 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா வெற்றியாளருக்குக் கொடுக்கிறார்கள். அந்த மேடையில் இன்று நிற்கும் உடல்களோடு ஒப்பிட்டால் கையிலிருக்கும் சிலை ஒல்லியாகத் தெரியும்.

1904–05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அந்தப் புகழ் தெருத்தெருவாகப் பரவிப் பட்டப்பெயராகவும் பனியனாகவும் மாறியது. கோயம்புத்தூர் இராமநாதபுரத்தில் 1915இல் பிறந்து, ஆலைத் தொழிலாளியாக வேலை செய்து, நண்பர்களோடு வீரமாருதி தேகப்பயிற்சிச் சாலை தொடங்கிய சின்னப்பா தேவர், சாண்டோ சின்னப்பா தேவர் ஆனார். எம்.ஜி.ஆரை வைத்துப் படங்கள் எடுத்த அவரை நம் தாத்தாமார் அனைவரும் அறிவர். அவர்களுள் எத்தனை பேருக்கு முதல் சாண்டோவைத் தெரிந்திருக்கும்?

1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். கொக்கோத்தூள், பெண்களுக்கான இடைக்கச்சு என்று எதையெதையோ தம் பெயரில் விற்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் கொக்கோ நிறுவனம் நொடித்துப் போயிற்று. 1925ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், 58ஆம் வயதில் இலண்டனில் இறந்தார். பள்ளத்தில் விழுந்த காரைத் தனியாளாய்த் தூக்கியதால் வந்த விளைவு என்று பத்திரிகைகள் எழுதின. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதையும் நம்பவில்லை. பட்னி வேல் கல்லறையில் அவரைப் புதைத்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகைகூட வைக்க மனைவி இசையவில்லை. எத்தனையோ ஆயிரம் படங்களில் நின்றவரின் கல்லறைக்குக் கல் கிடைத்தது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகுதான்.

பருவ வயதினர் முறையாக எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது கட்டுக்கதை. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் வாரத்தில் மூன்று நாளாவது தசைகளை வலுப்படுத்தும் அசைவுகளைச் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. கடும் பயிற்சி செய்துகொண்டே சாப்பாட்டைக் குறைக்கும் விளையாட்டாளர்களுக்கு, பெண்களாயின் மாதவிடாய் நின்று போவதும் எலும்பு தளர்வதும் நேரும் என்று அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2014இல் எச்சரித்தது. நான் சோற்றை நிறுத்திய மாதங்களில் எனக்கும் அது நேர்ந்தது. அன்று அதை யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் படிவத்தில் மீண்டும் சாப்பிட்டேன், மீண்டும் தூக்கினேன். கண்ணாடியைப் பார்ப்பதை விட்டு, குண்டு விழுந்த தூரத்தை ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு என்னுடன் விடுதியில் இருக்கிறது. மைலோ டின் டம்பெல் தோட்டத்து வீட்டில்தான்; பாட்டி மிளகாய் காய வைக்கும் பாய் காற்றில் பறக்காதிருக்க அதன் மீது வைத்திருக்கிறார். விடுமுறைக்குப் போனால் முதலில் மிளகாயை அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் அதை எடுக்க முடியும்.