இலண்டன் சுரங்க ரயிலும் சாள்ஸ் யேர்க்கீஸும்

நோதேர்ண் லைனில் ஏறி ஆர்ச்வேயில் இறங்கி ஹைகேட்மலை முருகனைத் தரிசிக்கப் போகும் எம்மவர் பலர். 1907 இல் திறக்கப்பட்ட அந்தப் பாதைக்குப் பணம் திரட்டியவர் ஒரு காலத்தில் சிறையிலிருந்த அமெரிக்கர் என்பதை அறிந்தவர் சிலரே.

சாள்ஸ் ரைசன் யேர்க்கீஸ் 1837 இல் பிலடெல்பியாவில் பிறந்தார். இளவயதிலேயே பங்குத் தரகரானார். நகரசபையின் பணத்தை வாங்கிப் பங்குகளில் புரட்டிக்கொண்டிருந்த வேளையில், 1871 இல் சிக்காகோ நகரம் தீப்பற்றி எரிந்தது. அத்துடன் பங்குச் சந்தையும் சரிந்தது. சபை பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவரிடம் இல்லை. 33 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஏழு மாதத்தில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். பிறர் பணம் கையிலே புழங்கப் புழங்கத் தன் பணம் போலத் தோன்றுவதைக் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் பல இடங்களிற் கண்டிருக்கிறோம்.

1880களில் சிக்காகோ சென்று ட்ராம் பாதைகளைக் கைப்பற்றினார். நகரசபை உறுப்பினர்களுக்குத் தாராளமாக இலஞ்சம் கொடுத்தார். சிக்காகோ பல்கலைக்கழகத்துக்கு ஒரு வானாய்வு நிலையமும் கொடுத்தார்! 1897 இல் திறக்கப்பட்ட அதன் 40 அங்குல வில்லைத் தொலைநோக்கிதான் அந்நாளில் உலகிலேயே பெரியது. ஆயினும் ட்ராம் உரிமையை மேலும் 50 வருடங்களுக்கு நீடிக்க முயன்றபோது மக்கள் கொதித்தெழுந்தனர். முயற்சி தோற்றது. பங்குகளை விற்றுவிட்டு வெளியேறினார்.

1900 இல் இலண்டனில் அவருக்கு நல்ல வாய்ப்பொன்று காத்திருந்தது. டிஸ்ரிக்ற் ரயில் இன்னும் நீராவி எஞ்சினால் சுரங்கத்துள் புகை கக்கிக்கொண்டிருந்தது. புதிய ஆழ்சுரங்கப் பாதைகளுக்குப் பாராளுமன்ற அனுமதி இருந்தது, பணம் இல்லை. யேர்க்கீஸ் டிஸ்ரிக்ற் ரயிலையும், இன்று பேக்கர்லூ, பிக்காடிலி, நோதேர்ண் என நாம் அறியும் பாதைகளுக்கான உரிமைகளையும் ஒவ்வொன்றாக வாங்கினார். 1902 இல் 5 மில்லியன் பவுண் மூலதனத்துடன் ஒரு கம்பனி உருவாயிற்று. பணத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. செல்சியில் லொட்ஸ் றோட் மின்நிலையம் எழுந்தது. 1905 இல் டிஸ்ரிக்ற் ரயில் மின்சாரத்தில் ஓடியது.

லெஸ்லி கிறீன் வரைந்த கருஞ்சிவப்பு ஓட்டு நிலையங்களை இன்றும் காணலாம். மேலே அலுவலகம் கட்டி வாடகைக்கு விட வசதியாகக் கூரையைத் தட்டையாக அமைத்தார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு!

முதலீட்டாளருக்கு ஐந்து வருடத்தில் திருப்பித் தருவதாகக் கடன் பத்திரங்கள் விற்றதுதான் வினையாயிற்று. சுரங்கம் தோண்டி முடிக்கவே வருடங்கள் பல ஆகும். ஐந்து வருடக் கடன் அதற்கு எப்படிப் போதும்? பிக்காடிலி பாதையில் முதல் வருடத்தில் 60 மில்லியன் பயணிகள் வருவார்கள் என மதிப்பிட்டிருந்தனர். வந்தவர்கள் 26 மில்லியன்.

இதைப் பார்க்க யேர்க்கீஸ் இருக்கவில்லை. மூன்று பாதைகளில் ஒன்றுகூடத் திறக்கப்படுமுன், 1905 டிசம்பர் 29 இல் நியூயோர்க்கில் காலமானார். பெருஞ்செல்வர் என எல்லோரும் நம்பியவரின் சொத்து, எண்ணியதைவிடக் குறைவாகவே இருந்தது. பத்திரங்களுக்கான தவணை 1908 யூன் 30 இல் வந்தது. பணம் இல்லை. வங்கியாளர் எட்கார் ஸ்பையர்தான் கடன் கொடுத்தவர்களுடன் பேசி, 1933, 1948 ஆம் ஆண்டுகளில் திருப்பித் தரும் நீண்டகாலக் கடனாக அதை மாற்றினார். கம்பனி முறியவில்லை. ரயில்களும் நிற்கவில்லை.