புதைந்த தலங்களைக் கண்ட கன்னிங்ஹாம்

பகவான் புத்தர் அறம் உரைத்த சாரநாதத்துக்கும், பரிநிர்வாணம் எய்திய குசிநகரத்துக்கும் இன்று நாம் ரயிலேறிச் சென்று வணங்கி வருகிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய தலங்கள் பல, பெயர் மறந்த மண்மேடுகளாய்க் கிடந்தன. அவற்றைத் தேடிக் கண்டவருள் முதன்மையான ஒருவரின் சரிதத்தை நாம் அறிதல் நன்று. அவர் பௌத்தரல்லர், ஆயினும் பௌத்தர் அவருக்குக் கடன்பட்டவராவோம்.

அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாம் 1814ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தையார் கல்தச்சராய்த் தொழில் தொடங்கிப் பின்பு கவிஞராய்ப் புகழ் பெற்றவர். மைந்தரோ 1833இல் வங்காளப் பொறியியல் படையின் இளம் அதிகாரியாய் இந்நாடு வந்தார். பிராமி எழுத்தின் பூட்டைத் திறந்த ஜேம்ஸ் பிரின்ஸெப் அவருக்கு நண்பரானார். பழம்பொருளின்மீது தீராத வேட்கை பிறந்தது.

காசிக்கு அருகிலுள்ள சாரநாதத்தில் 1794இல் ஜகத்சிங் என்பவர், கடைத்தெரு கட்டச் செங்கல் வேண்டி ஒரு பெருந்தூபியையே இடித்திருந்தார். அங்கே 1835இல் கன்னிங்ஹாம் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அகழ்ந்தார். தமேக் தூபியை உச்சியிலிருந்து அடிவரை துளைத்துப் பார்த்தார். கிடைத்த சிலைகளுட் சிலவற்றைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். எஞ்சிய நாற்பதுக்கு மேற்பட்ட சிலைகள் வெளியிலேயே விடப்பட்டன. விளைவு யாது? அவர் சென்றபின், வருணை ஆற்றுப் பாலத்தடியில் மண்ணரிப்பைத் தடுக்க அவற்றை வண்டியிலேற்றிக் கொண்டுபோய் ஆற்றில் தள்ளிவிட்டனர்! பல நூற்றாண்டுகள் மண் காத்ததை மனிதர் சில நாளில் இழந்தனர்.

1851இல் சாஞ்சியில் மெய்ஸி என்பாரோடு தூபிகளைத் திறந்து, சாரிபுத்தர், மொக்கல்லானர் ஆகியோரின் தாதுக்களைக் கண்டார். அத்தாதுக்கள் கடல் கடந்து சென்று, நெடுங்காலம் கழிந்து மீண்டு, 1952இல் சாஞ்சியின் புதிய விஹாரத்தில் அமர்ந்தன. அங்கும் தூபிகளைக் குடைந்ததால் கேடு நேர்ந்தது. அவற்றைச் சீர்செய்யும் பணி பின்னர் ஜான் மார்ஷலுக்கு உரியதாயிற்று. இக்குறையை நாம் மறைத்தல் தகாது.

1861இல் படைப்பணி விட்டு நீங்கியவரை அரசாங்கம் தொல்பொருள் ஆய்வாளராக நியமித்தது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதிவைத்த திசையையும் தொலைவையும் கைக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்றார். பரகாவ் என்னும் சிற்றூரருகே நாளந்தா, சகேத்-மகேத் மேடுகளில் சிராவஸ்தி, கசியாவில் குசிநகரம் என ஒவ்வொன்றாய்த் தெளிந்தார்.

1873இல் பர்ஹுத்தை அடைந்தார். ஊரார் தூபியின் கற்களைப் பெயர்த்து வீடு கட்டியிருந்தனர். ஜாதகக் கதைகளைப் பெயரோடு பொறித்த கைப்பிடிச் சுவர் மட்டும் ஓரளவு எஞ்சியிருந்தது. இம்முறை அவர் எதையும் வெளியில் விட்டுச் செல்லவில்லை. எஞ்சிய தூண்களும் வாயிலும் கல்கத்தா அருங்காட்சியகம் சேர்ந்தன; இன்றும் அங்கே நிற்கின்றன. சாரநாதத்து இளைஞர் கற்காததைப் பர்ஹுத்து முதியவர் கற்றிருந்தார்.

1885இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், 1893 நவம்பர் 28ஆம் நாள் லண்டனில் காலமானார். பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1904இல்தான் பிறந்தது.

அன்பர்களே! கண்டெடுத்தல் பாதிப் பணியே, காத்தல் மறுபாதி. சட்டம் காவலனை நிறுத்தும்; கருத்தை நாமே நிறுத்த வேண்டும். யாத்திரை செல்லுங்கால் தூபியில் பெயர் கீறாமலும், நினைவுக்கென ஒரு செங்கல் துண்டும் எடுக்காமலும் திரும்புவோமாக. அதுவே நாம் செய்யும் மலர்ப்பூசை.